நாலாம் நம்பர் பிணைக்கைதியின் மீசை

எக்ஸ்ட்ரா வேலைக்குப் போகிற முதல் நாளே இரண்டு விஷயம் விளங்கிவிடும்: நீங்கள் கமராவைப் பார்க்கக் கூடாது, கமரா உங்களைப் பார்க்கும் என்று நம்பவும் கூடாது.

அமெரிக்காவில் நடக்கிற கதைகளில் பாதியை ரொறன்ரோவில்தான் எடுக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எடுப்பவர்களுக்குத் தெருவில் நடக்க ஆள் வேண்டும், ரெஸ்ரோரன்ட் பின்மேசையில் வெறும் கோப்பையைக் கிளற ஆள் வேண்டும், கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார ஆள் வேண்டும். மல்வேர்னில் நான் வேலை செய்த பிளாஸ்ரிக் ஃபக்டரியை மூடிய பிறகு, நாலு வருடமாக அந்த ஆட்களில் நானும் ஒருவன். டாக்சி ஓட்டியிருக்கிறேன், ஜூரியில் இருந்திருக்கிறேன், ஒருமுறை போர்வைக்குள் பிணமாகக்கூடக் கிடந்திருக்கிறேன். என் முதுகை வட அமெரிக்கா முழுவதும் பார்த்திருக்கிறது. "எங்கட ஆள் இப்ப வருவார், இந்தா இப்ப வருவார்" என்று யாராவது உங்களை ரீவிக்கு முன்னால் பிடித்து வைத்து ஒரு மணித்தியாலம் வதைத்திருந்தால், நீங்களும் இந்தத் தொழிலால் பாதிக்கப்பட்டவர்தான். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அப்பாவின் விசாரணை

என்னால் மிக அதிகம் பாதிக்கப்பட்டவர் அப்பா. எண்பத்தாறு வயது, ரூஜில் என் தங்கை வசந்தி வீட்டில் இருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். ஆளடையாளம் பார்க்காமல் ஒரு பதிவுத் தபாலைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்தக் கண்ணோடுதான் ரீவியும் பார்ப்பார். நான் வருகிற இடத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார்.

ஒருமுறை ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றில் நான் லிஃப்ருக்குள் போனேன். ஒன்றரை விநாடி. அப்பா அதைப் பதினொரு தடவை பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்து, நீலச் சேர்ட், இடது பக்கம், இதோ, இதோ என்று காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"உது உன்ர பிடரிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா முகத்தைப் பார்க்காமல் நான் எப்பிடி ஆளை உறுதிப்படுத்திறது?"

வாய்க்குள் ஐஸ்

போன மாசியில் ஒரு வேலை வந்தது. இராணுவ வழக்கறிஞர்களைப் பற்றிய தொடர். சீருடை போட்டவர்கள் கோர்ட்டில் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் மடக்குவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிழமைக் கதை இதுதான்: ஹீரோவான கப்டன் ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்ய ஏதோ ஒரு வெயில் நாட்டுத் தூதரகத்துக்குப் போகிறார். துப்பாக்கிக்காரர்கள் புகுந்து அவரையும் எட்டுப் பேரையும் பிணை பிடிக்கிறார்கள். எட்டுப் பேரில் நான் நாலாம் நம்பர். பெயர் இல்லை, வசனம் இல்லை, தூதரகத்தில் விசா முத்திரை குத்துபவன் என்று மட்டும் சொன்னார்கள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் பிக்கரிங் தவம். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ்களைத் திருத்துகிற மனிதர், பூனைக்கும் வழிவிட்டு நடப்பவர். ஆனால் நல்ல உயரம், நல்ல தாடி. அதனால் எந்தப் படத்துக்குப் போனாலும் அவர் கையில் துப்பாக்கியைத்தான் கொடுப்பார்கள்.

அந்த வெயில் நாடு ஸ்காபரோவில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் இருந்தது. வெளியே மைனஸ் பதினேழு. ஹீற்றர் போட்டால் இரைச்சல் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு அரைக்கைப் பருத்திச் சேர்ட். ஒரு பெண் வந்து நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீரை விசிறி வியர்வை உண்டாக்கினாள். பேசாமல் இருந்தாலும் வாயிலிருந்து புகை போனது. வெயில் நாட்டில் மூச்சு புகையாது. அதற்கு வைத்தியமாக எல்லோருக்கும் ஆளுக்கொரு ஐஸ்கட்டி கொடுத்து வாய்க்குள் வைத்திருக்கச் சொன்னார்கள். வாய் குளிர்ந்தால் மூச்சு தெரியாதாம். பிணைக்கைதிகளும் துப்பாக்கிக்காரர்களும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

எனக்குக் குளிரே தெரியவில்லை. காரணம், உதவி இயக்குநர் டெனிஸ் என்னைக் கொண்டுபோய்க் கப்டனுக்குப் பக்கத்திலேயே இருத்திவிட்டாள். கமராவோடு நிற்கிற ஒருவர் தூரம் அளக்கிற ரேப்பை இழுத்துக் கப்டனின் மூக்குவரை அளந்தார். பிறகு என் மூக்குவரையும் அளந்தார். எட்டு அடி. அளந்தால் அந்த முகம் தெளிவாக விழப்போகிறது என்று அர்த்தம். நாலு வருடத்தில் என் மூக்கை யாரும் அளந்ததில்லை. சந்தோஷத்தில் ஐஸ்கட்டியை விழுங்கிவிட்டேன். தவத்துக்கோ கண் முழுவதும் மேலே இருந்த ஹீற்றரில்தான்.

"அண்ணை, உதில ஒரு பழுதும் இல்லை. நல்ல சாமானை நிப்பாட்டி வைச்சிட்டு ஆக்களுக்கு ஐஸ் குடுக்கிற இடத்தை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

காலும் புத்தகமும்

மூன்றாம் நாள் தவத்துக்கு ஒரு பெரிய வாய்ப்பு. கப்டன் மடியில் வைத்திருக்கிற தடித்த சட்டப் புத்தகத்தைப் பறித்து, நிலத்தில் எறிந்து, சப்பாத்துக் காலால் மிதிக்க வேண்டும். சட்டம் கிட்டம் ஒன்றும் இங்கே செல்லாது என்பதை அப்படிக் காட்டுகிறாராம்.

தவம் பறித்தார். எறிந்தார். மிதித்தார். மிதித்த கையோடு குனிந்து, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "கட்" என்றார்கள். இரண்டாம் தடவையும் அதே மாதிரி. இந்த முறை குனியவில்லை, ஆனால் வலக்கை தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது. மூன்றாம் தடவை துப்பாக்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். தலை மட்டும் புத்தகத்தை நோக்கி ஒருமுறை தாழ்ந்தது. இந்த ஆள் என்ன செய்கிறான் என்று இயக்குநர் உள்ளிருந்து வந்து கேட்டார். எங்கள் ஆட்களுக்குப் புத்தகத்தில் கால் பட்டால் கை சும்மா இருக்காது, அது சின்ன வயதிலிருந்தே வருவது என்று நான் விளக்கினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு போனார்.

நாலாம் தடவை தவம் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகவே மிதித்தார். "கட்" என்ற அடுத்த நொடி ஓடிவந்து புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கண்ணிலும் முறையாக ஒற்றினார். கப்டனாக நடிப்பவர் நல்ல மனிதர். அது படப்பிடிப்புக்காகச் செய்த புத்தகம், உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை, எல்லாம் வெறும் தாள் என்று திறந்து காட்டினார். நான் தமிழில் சொன்னேன். தவம் மசியவில்லை.

"எழுதாமல் விட்டது அவையளின்ர பிழை, அண்ணை. புத்தகம் புத்தகம்தானே."

எட்டடி

தொடர்ச்சி பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள், மார்கரெட். ஒரே காட்சியைப் பல நாள் எடுப்பார்கள். திங்களன்று இருந்த மாதிரியே வியாழனும் இருக்க வேண்டும். முதல் நாள் என்னை முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டாள். பிறகு தினமும் காலையில் அந்தப் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவாள். பொத்தான் எத்தனை திறந்திருக்கிறது, கன்னத்தில் அழுக்கு எங்கே பூசியது, எல்லாம் பார்ப்பாள். என் மீசையைத்தான் அதிக நேரம் பார்ப்பாள். அடுத்த வியாழன் படப்பிடிப்பு முடியும்வரை தலைமயிர் வெட்டக் கூடாது, மீசையில் கத்தரி படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முப்பது வருடமாக நான் வளர்த்த மீசைக்கு அவள் மேலதிகாரி ஆகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முதல் கிழமை வேலை முடிந்தது. மீதி அடுத்த கிழமை. புதனும் வியாழனும் பிணைக்கைதிகளை விடுவிக்கிற காட்சி. கப்டன் என் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே கூட்டிப்போவார். என் முகம் திரை நிறைய வரும் என்று டெனிஸே சொன்னாள். அன்று பின்னேரமே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை முகம் வருகிறது, ரேப் பிடித்து அளந்தார்கள் என்றேன்.

"எத்தினை அடி?" என்றார். எட்டு என்றேன். "எட்டடி எண்டால் ஆளைத் தெரியும்."

புதனும் வெள்ளியும்

அடுத்த நாள் சனிக்கிழமை காலை அப்பா தேத்தண்ணி குடித்தார், கப்பைப் பக்கத்து மேசையில் வைத்தார், கதிரையில் சாய்ந்தார், அவ்வளவுதான். வசந்தி பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு வந்தபோது அவர் இல்லை. நான் ரூஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள்.

நான் மூத்த மகன். கொள்ளி வைப்பது நான்தான். கிரியைக்கு இருப்பதற்கு முன் மீசையை மழிக்க வேண்டும். தலையை மழிப்பதை இங்கே பலர் விட்டுவிட்டார்கள், மீசையை விடுவதில்லை. இறுதிச் சடங்கு மண்டபத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றார்கள்: புதன் காலை, அல்லது வெள்ளிக் காலை. படப்பிடிப்பு வியாழனோடு முடிகிறது. என் தங்கையின் கணவர் பாலன் கெட்டிக்காரர், கணக்கை உடனே போட்டுவிட்டார். வெள்ளி வையுங்கள், மீசையும் இருக்கும், முகமும் வரும், மாமா ஆசைப்பட்டதும் அதுதானே என்றார். ஐயரைக் கேட்டோம். வெள்ளியும் செய்யலாம், குற்றமில்லை என்றார். ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளி என்று சொல்லத்தான் ஞாயிறு காலை மண்டபத்துக்குப் போனேன். அப்பாவுக்கு உடுத்தப் பட்டு வேட்டியைக் கொடுத்தேன். அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். கீழே, குளிரறையில் என்றார் அங்கிருந்தவர். இந்தத் தொழிலில் மணிக்கணக்கில் குளிருக்குள் காத்திருப்பது எனக்குப் பழக்கம், நான் ஒப்புக்கொண்டு வந்தவன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. என் மீசைக்காக அவரை இன்னும் இரண்டு நாள் அங்கே வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசை இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. நிறையவே இருந்தது. புதன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காருக்குள் இருந்து அழுதேன். அப்பாவுக்காகவும் அழுதேன், அந்த எட்டு அடிக்காகவும் அழுதேன்.

புதன் காலை ஏழு மணிக்கே மல்வேர்ன் சலூன்காரர் எனக்காகக் கடையைத் திறந்தார். எத்தனையோ வருடமாக அந்த மீசையை ஒழுங்கு செய்து தருபவர் அவர்தான். ஒன்றும் கேட்காமல் எடுத்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளை நான் பார்த்துக்கொண்டே இருந்ததும், கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டார்.

"இண்டைக்குப் பார்க்காதேங்கோ அண்ணை. முதல் நாள் ஒருத்தருக்கும் தன்ர முகம் பிடிக்கிறேல்ல."

நாலாம் நம்பருக்கு முடிவு

டெனிஸுக்கு ஞாயிறே போன் எடுத்துச் சொல்லியிருந்தேன். நல்லபடியாகத் துக்கம் விசாரித்தாள். பிறகு மெதுவாக, மீசை கட்டாயம் எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். கட்டாயம் என்றேன். ஒட்டுமீசை பற்றி மேக்கப் ஆட்களிடம் கேட்டுப் பார்த்தாளாம். அவ்வளவு கிட்டத்தில் தெரிந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார்களாம். புதன் நான் இருக்கவும் மாட்டேன். கதையோ கப்டனுக்குப் பக்கத்தில் நாலாம் நம்பர் இருப்பதாகவே போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கதை எழுதுபவர்கள் கூடியிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாலாம் நம்பரைக் கொன்றுவிடலாம்.

என் உயரத்தில் ஒருவரைப் பிடித்து, தலையில் சாக்கு மாட்டி, முதுகைக் காட்டியபடி கொண்டுபோவது. கதவு மூடும். உள்ளே ஒரு வெடிச்சத்தம். கப்டன் கண்ணை மூடுவார். நான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அதே காலை ஸ்காபரோவில் என்னையும் முடித்தார்கள். கொண்டுபோகிற வேலை தவத்துக்கு விழுந்தது.

வியாழன் பின்னேரம் தவம் பிக்கரிங்கிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார், எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மனிதர் தலை நிமிரவே இல்லை. செத்தவீட்டில் இருப்பவனிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார் என்பது விளங்கியது. எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அப்படியும் அவருக்கு ஆறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சுடேல்ல, அண்ணை. கதவடிக்குத்தான் கொண்டுபோய் விட்டனான். வெடிச்சத்தம் பிறகு வேற ஆக்கள் போடுவினமாம்."

கோர்ட்டில் ஒரு படம்

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கிழமை டெனிஸ் மறுபடி போன் எடுத்தாள். என்னைக் கொன்ற பிறகுதான் கதையே நிமிர்ந்ததாம். மீட்புப் படையை அனுப்பத் தாமதித்த தளபதியைக் கப்டன் இராணுவ கோர்ட்டில் நிறுத்துகிறார். தாமதத்தால் ஒரு மனிதர் செத்தார் என்று காட்ட, நாலாம் நம்பரின் படம் ஒன்று வேண்டும். மார்கரெட் எடுத்தவை உதவாது. அவற்றில் நான் பயந்துபோய் இருக்கிறேன். வீட்டில் எடுத்த, மீசையோடு சிரிக்கிற படம் அனுப்ப முடியுமா என்றாள்.

நான் படங்களில் சிரிப்பதில்லை. போன் முழுவதும் தேடி ஒன்றே ஒன்று கிடைத்தது. அப்பாவின் கடைசிப் பிறந்தநாளில் வசந்தி எடுத்தது. நான் கேக்குக்கு முன்னால் கதிரையில் இருக்கிறேன். அப்பா பின்னால் நின்று ஏதோ பகிடி விடுகிறார். என்ன பகிடி என்று இப்போது ஞாபகமில்லை. என்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஓம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இலையுதிர்காலத்தில் ஒளிபரப்பானது. ரூஜில் வசந்தி வீட்டில் பார்த்தோம். பாலன், வசந்தி, நான், தவம் குடும்பம். தூதரகக் காட்சிகளில் கப்டனின் முகம் மட்டும் வந்தது. பக்கத்தில் ஒரு காது, அது என்னுடையது. அளந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. தவம் என்னை, அதாவது சாக்கைக் கொண்டுபோனார். வெடி கேட்டதும் தவத்தின் மனைவி அவரை முறைத்துப் பார்த்தார்.

பிறகு கோர்ட். கப்டன் எழுந்து நடந்துபோய் ஒரு பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார். ஒரு கதவு அளவில் நான் சிரித்துக்கொண்டு இருந்தேன். "இந்த மனிதருக்கு ஒரு குடும்பம் இருந்தது" என்று தொடங்கி அவர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கமரா மெதுவாக என் முகத்துக்குக் கிட்ட வந்தது. பாலன் கைதட்டினார். நான் மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டினவர்கள் அப்பாவை முழுக்க வெட்டவில்லை. என் இடது தோளில் நாலு விரல் அப்படியே கிடந்தது, நீலக்கல் மோதிரத்தோடு. அதை எடுக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு குடும்பம் இருந்த மனிதனின் தோளில் ஒரு கை இருப்பது அவர்களுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும். வசந்தி எழுந்துபோய் ரீவியில் அந்த விரல்களைத் தொட்டாள்.

"அண்ணா, இது அப்பாவின்ர கையல்லோ!"

நாலு வருடம் பாடுபட்டும் செத்த பிறகுதான் எனக்குத் திரையில் கிடைத்த இடத்தை, அப்பா ஒரு நாள்கூட வேலைக்கு வராமலே பிடித்துவிட்டார்.